நாலரை மணி வெயில்

அநியாயம் இழைக்கப்பட்டவள் பெயர் கோகிலவாணி. இழைத்தது, திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் எல்லையில் சோளக்காடுகளுக்கு நடுவே நாலு மாடி உயரத்துக்கு நிற்கிற ஒரு பொறியியல் கல்லூரி. இழைத்த விதம், அவளுடைய நாளில் நாலரை மணிக்கும் ஆறரை மணிக்கும் இடையே கிடந்த இரண்டு மணி நேரத்தை ஒன்பது வருஷமாக எடுத்துக்கொண்டே இருந்துவிட்டு, அப்படி ஒன்றை எடுக்கவே இல்லை என்று சொன்னது. திருடினார்கள் என்று நான் எழுதவில்லை. திருடுகிறவனுக்குத் தான் எடுத்தது ஒரு பொருள் என்றாவது தெரிந்திருக்கும்.

கோகிலவாணி அந்தக் கல்லூரியில் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறவள். சம்பளம் வருஷத்துக்கு இரண்டு லட்சத்து அறுபத்துநாலாயிரம். எங்கள் பக்கத்தில் சம்பளத்தை வருஷக் கணக்கில்தான் சொல்வார்கள். பெண் கேட்டு வருகிறவர்களிடமும் அப்படித்தான், வங்கிக் கடன் கேட்கும்போதும் அப்படித்தான், வேலை கிடைத்த பிள்ளைகளின் முகத்தைப் போட்டுக் கல்லூரி வாசலில் கட்டுகிற பிளெக்ஸிலும் அப்படித்தான், ஏனென்றால் லட்சம் என்ற சொல் வாய்க்குள் புகுந்துவிட்டால் அதற்குப் பிறகு யாரும் எதையும் கேட்பதில்லை. ஆனால் குழந்தை பார்த்துக்கொள்கிற தெய்வானையக்கா மணிக் கணக்கில் வாங்குகிறவள். மணிக்கு நாற்பது ரூபாய். கோகிலவாணியின் கணவன் பழனிவேல் போர்வெல் வண்டியோடு சத்தீஸ்கர் பக்கம் போனால் மழை வந்தால்தான் திரும்புவான். ஆகவே நாலு வயது இனியா பகலெல்லாம் தெய்வானையக்காவிடம்தான். ஒரு நாள் கட்டணத்தை எண்ணி வாங்கும்போது தெய்வானையக்கா சும்மா பேச்சுக்கு, "ஏனுங்க டீச்சர், நான் மணிக்கு நாப்பது வாங்கறேன், நீங்க மணிக்கு எத்தன வாங்கறீங்க?" என்று கேட்டாள். கோகிலவாணிக்குப் பதில் தெரியவில்லை. ஒன்பது வருஷம் வேலை பார்த்தவளுக்குத் தன் ஒரு மணி நேரத்தின் விலை தெரியவில்லை என்பதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. தெரியாமல் இருப்பதற்காகத்தானே வருஷக் கணக்கு.

மறுநாள் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து வகுத்தாள். காலை எட்டரைக்கு மணி அடிக்கிறது, மாலை நாலரைக்கு மணி அடிக்கிறது. ஞாயிறு போக வருஷத்துக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் என்று வகுத்தால் மணிக்கு நூற்றைந்து ரூபாய் எழுபத்தேழு பைசா வந்தது. ஆனால் நாலரைக்குப் பிள்ளைகளின் பஸ்கள்தான் கிளம்பும். ஆசிரியர்கள் ஆறரை வரை இருக்க வேண்டும். பிளஸ் டூ முடிக்கப்போகிற பிள்ளைகளின் பெற்றோருக்குப் போன் போட்டு, "எங்க காலேஜுக்கு வாங்க" என்று கூப்பிட வேண்டும், ஆய்வுக் குழுவுக்கான கோப்புகளுக்கு அட்டை ஒட்ட வேண்டும், விழா என்றால் தோரணம் கட்ட வேண்டும், அட்மிஷன் சமயத்தில் ஞாயிற்றுக்கிழமையும் ஊர் ஊராக நோட்டீஸ் கொடுக்கப் போக வேண்டும். அதையும் சேர்த்துப் பத்து மணி நேரத்தால் வகுத்தால், ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுக்கொடுத்தாலும், எண்பத்துநாலு ரூபாய் அறுபத்திரண்டு பைசா. எது சரி என்று தெரிந்துகொள்ளக் கணக்கு அலுவலர் துரைராஜிடம் போனாள்.

"சார், என் சம்பளத்த எத்தன மணி நேரத்தால வகுக்கறது?"

"எதுக்குங்க மேடம் வகுக்கறீங்க? பெருக்கிப் பாருங்க. பத்து வருஷத்துக்கு இருபத்தாறு லட்சத்து நாப்பதாயிரம். மனசுக்கு நல்லா இருக்கும்."

"நாலரைக்கு மேல இருக்கற ரெண்டு மணி நேரம் வேல நேரமுங்களா?"

"இல்லீங்க."

"அப்ப வீட்டுக்குப் போலாமுங்களா?"

"போகக் கூடாதுங்க."

"வேலையும் இல்ல, வீடும் இல்லைன்னா அது என்ன நேரமுங்க சார்?"

துரைராஜ் கெட்டவரில்லை, அவரும் ஆறரை வரை உட்கார்ந்திருக்கிறவர்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார். "அது எந்தக் கணக்குலயும் வராதுங்க மேடம்."

எந்தக் கணக்கிலும் வராத ஒன்று எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? அன்றைக்கு ஆறரைக்கு அவள் கைரேகை வைத்துவிட்டு வெளியே வந்தபோது, பொழுது சங்ககிரி மலைக்குப் பின்னால் இறங்கி, கேட்டருகே விளக்கு போட்டிருந்தார்கள். அந்த நேரத்தில் கல்லூரி மைதானத்தில் கிடந்த நாலரை மணி வெயில் எழுந்து, சோம்பல் முறித்து, அவள் பின்னாலேயே நடந்து வந்து, அவளோடு டவுன் பஸ்ஸில் ஏறியது. ஒரு கல்யாணப் பந்தல் அளவு இருக்கும். மஞ்சளாக, கொஞ்சம் களைத்துப்போன, சுண்ணாம்புச் சுவரில் பட்டால் வெல்லப்பாகு நிறம் காட்டுகிற வெயில். பஸ்ஸில் மேற்கு ஓரமாக உட்கார்ந்திருந்தவர்கள் ஜன்னல் திரையை இறக்கிவிட்டுக்கொண்டார்கள், அப்புறமும் வெயில் அடித்ததால் ஒருவர், "டீச்சர், மூஞ்சில அடிக்குது, கொஞ்சம் அந்தப் பக்கம் நகந்து உக்காருங்க" என்றார். நகர்ந்தாள். கண்டக்டர் ஒரு டிக்கெட்தான் கிழித்தார்.

ஒன்பது வருஷத்து மாலைகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்ததால் அந்த வெயில் இறங்கவே இல்லை. தெருவெல்லாம் தூங்குகிற நேரத்திலும் அவள் வீட்டைச் சுற்றி நாலரையாகவும் ஐந்தாகவும் ஐந்தே முக்காலாகவும் இருந்து மறுபடி நாலரை ஆகிவிடும். பகலில் சூரியனுக்கு அடியில் அது தெரியாது. அவளுக்கு மட்டும் இரண்டு நிழல் விழும், ஒன்று மற்றவர்களுக்கு விழுகிற பக்கம், இன்னொன்று நீளமாகக் கிழக்கே.

எங்கள் தெரு அதை ஏற்றுக்கொள்ள அதிக நேரம் எடுக்கவில்லை. இரண்டாம் நாளே தறி ஓட்டுகிற பாவாயக்கா முறத்தில் மிளகாய் கொண்டு வந்து வாசலில் பரப்பி, "பகல்ல காய வெக்க எங்களுக்கு எங்கீங்க டீச்சர் நேரம்?" என்றாள், அவளைப் பார்த்து எதிர்வீடு வடகம் பிழிந்தது, அதைப் பார்த்துப் பின்வீடு நனைந்த மெத்தையைத் தூக்கி வந்தது. பஜ்ஜிக்கடை மாதேஸ்வரன், சாயங்காலத்தில்தான் பஜ்ஜி விற்கும் என்பதால், சாயங்காலம் முடியாத இடத்துக்கே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து கோகிலவாணி வீட்டு மதிலோரம் அடுப்பு மூட்டினான். பக்கத்துத் தறிக்கூடத்தில் குழல் விளக்குகளை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்டினார்கள். அந்திமந்தாரைச் செடிகள் இரா முழுக்கப் புதிது புதிதாக மொட்டு விரித்துக் காலையில் ஒரு மொட்டும் மிச்சமில்லாமல் நின்றன. கோழிகள் கூடைக்குள் போக மறுத்து, மூன்றாம் நாள் நின்றபடியே தூங்கப் பழகிக்கொண்டன. அந்த வெளிச்ச எல்லைக்குள் இருந்த நாலு வீடுகளுக்கு வாடகையை ஏற்றினார்கள். எல்லை எதுவரை என்பதில் தகராறு வந்து, சுண்ணாம்பால் கோடு போட்டார்கள். கோகிலவாணி சமையலறையிலிருந்து கூடத்துக்கு வந்தால் கோடு நகர்ந்துவிடும் என்பதால், அவளைச் சமையலறையிலேயே இருக்கச் சொல்லிக் கடைசி வீட்டுக்காரர் ஆள் அனுப்பினார்.

பெரிய வாக்குவாதம் ஞாயிற்றுக்கிழமை பற்றி வந்தது. ஞாயிறு நாலரையிலிருந்து ஆறு வரை ராகுகாலம். ஞாயிற்றுக்கிழமை இரவு அவள் வீட்டில் அடிக்கிற வெயில் ராகுகால வெயிலா, இல்லை என்றைக்கோ ஒரு புதன்கிழமை கல்லூரியில் விட்டு வந்த வெயிலா? நோட்டீஸ் கொடுக்கப் போன ஞாயிறுகளும் அதில் கலந்திருக்கும்தானே என்று பாவாயக்கா வாதாடி ஜெயித்து, எலுமிச்சம்பழ மூடிகளில் விளக்கேற்றிக்கொண்டு பெண்களோடு வந்து வாசலில் உட்கார்ந்தாள். புதன்கிழமைக் கட்சிக்காரர்கள் அதே வெளிச்சத்தில் ஒரு வீட்டுக்கு நிலை வைத்தார்கள். இரண்டு கட்சிக்கும் நல்லதே நடந்தது, ஆகவே வாதம் முடிவுக்கு வரவில்லை.

இதெல்லாம் தெருவுக்கு. கோகிலவாணிக்கு நடந்தது வேறு.

முதல் நாள் இனியா குதித்துக்கொண்டு ஓடி வந்தாள். இருட்டோடு வருகிற அம்மாவைத்தான் அந்தக் குழந்தைக்குத் தெரியும். அன்றைக்கு அம்மா சாயங்காலத்தைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். பந்து விளையாடினார்கள், மண்ணில் வீடு கட்டினார்கள், மறுபடி பந்து விளையாடினார்கள். பிறகு குழந்தைக்குத் தூக்கம் வந்தது; தூக்கம் வந்தும் தூங்க முடியவில்லை. கதவைச் சாத்தினாலும் ஜன்னலுக்குக் கம்பளி கட்டினாலும் பயனில்லை, வெயில் வெளியிலிருந்து வந்தால்தானே மறைப்பதற்கு? அம்மாவும் மகளும் போர்வைக்குள் புகுந்தால் போர்வை அளவுக்கு ஒரு சாயங்காலம் உள்ளே இருந்தது.

"அம்மா, எப்பம்மா ராத்திரி ஆகும்?"

"இப்ப ஆயிரும் சாமி. கண்ண மூடிக்க."

"மூடிக்கிட்டாலும் செவப்பாத் தெரியுது."

ஒரு வாரத்தில் குழந்தையின் கண்ணுக்குக் கீழே கறுத்தது. சோறு இறங்கவில்லை. தெய்வானையக்காதான் ஒரு நாள் தூக்கிக்கொண்டு போய்த் தன் வீட்டு இருட்டில் படுக்க வைத்தாள். படுத்த நிமிஷம் தூங்கிவிட்டது. அன்றிலிருந்து இனியாவுக்கு ராத்திரியும் அங்கேதான். "தூங்கற கொழந்தைக்குக் காசு கேக்கக் கூச்சமாத்தான் இருக்குதுங்க டீச்சர், ஆனா அது பொரண்டு பொரண்டு உங்களத் தேடறப்ப நானும் எந்திரிச்சு உக்காந்துக்கறனே" என்றாள் தெய்வானையக்கா. நியாயம்தான். இந்தக் கதையில் தன் விலையைத் தெளிவாகச் சொன்ன ஒரே ஆள் அவள்தான். இப்படியாக, ஒன்பது வருஷத்து மாலைகளும் மொத்தமாகத் திரும்பிக் கிடைத்த ஒருத்திக்கு, தன் குழந்தையின் பக்கத்தில் படுக்க ஒரு துண்டு இருட்டு இல்லாமல் போனது. பழனிவேல் போனில், "அந்த வேலைய விட்டுத் தொலையேன்" என்றான். விடலாம், ஆனால் அவளுடைய அசல் சான்றிதழ்கள் எல்லாம் சேர்ந்த நாளிலேயே வாங்கப்பட்டுக் கல்லூரியின் இரும்பு பீரோவுக்குள் இருந்தன, பீரோ சாவி தாளாளரின் சட்டைப் பையில் இருந்தது. சாவியும் சட்டைப் பையும் இல்லாத இடத்திலிருந்து விடுவது பற்றிப் பேசுவது பழனிவேலுக்கு எளிது, அவன் சத்தீஸ்கரில் இருந்தான்.

கோகிலவாணி யோசித்தாள். கணக்கில் வராததால் வெயிலானது, கணக்கில் வந்தால் அடங்கும். சொல்ல வேண்டியவர் வாயால் 'அது வேலை நேரம்' என்று ஒரு சொல் வந்தால் போதும். தாளாளரைப் பார்க்கப்போகிறாள் என்று தெரிந்ததும் தெரு திரண்டு வாசலுக்கு வந்தது.

"ஏனுங்க டீச்சர், அவிங்க கணக்குல சேத்துக்கிட்டா எங்க மொளகா என்னாகறது?" என்றாள் பாவாயக்கா.

"நான் வண்டிக்குப் புதுசா சக்கரம் மாத்திட்டனுங்க" என்றான் மாதேஸ்வரன்.

"எங்கொழந்த தூங்கோணும்" என்றாள் கோகிலவாணி.

"அதுதான் தெய்வானை வீட்டுல நல்லாத் தூங்குதே!" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஒருவரும் குரலை உயர்த்தவில்லை. அன்பாகத்தான் சொன்னார்கள். அவள் வெளிச்சத்தில் நின்றுகொண்டுதான் சொன்னார்கள்.

தாளாளர் அர்த்தநாரி முன்பு ஆறு போர்வெல் வண்டி வைத்திருந்தவர். பூமிக்குள் இறக்கிய குழாயெல்லாம் பணமாகத் திரும்பி வந்த பிறகு கல்விக்கு வந்தவர். கோகிலவாணி உள்ளே நுழைந்ததும் அவர் எழுந்து போய் அறை விளக்குகளை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். வெயில் அவர் மேஜை மேல் இருந்த வெள்ளிப் பிள்ளையாரில் பட்டு மின்னியது.

"சார், நாலரைக்கு மேல இருக்கறது வேல நேரமான்னு சொல்லுங்க. அது போதும்."

"வருஷச் சம்பளம்மா உங்களுது. வருஷம்னா என்ன? பகல், ராத்திரி, தீவாளி, பொங்கல் எல்லாம் சேந்ததுதான் வருஷம். எல்லாம் அதுல அடக்கம்."

"அப்படீன்னா எட்டாயிரத்தி எழுநூத்தி அறுவது மணி நேரமுங்க சார். மணிக்கு முப்பது ரூபா பதினாலு பைசா விழுது. எங்கொழந்தையப் பாத்துக்கறவங்க நாப்பது வாங்கறாங்க."

அர்த்தநாரிக்கு அது பிடிக்கவில்லை. "சரி, அப்ப எட்டு மணி நேரம்னே வெச்சுக்கங்க."

"மிச்சம் ரெண்டு?"

"அது ஒரு பிரியத்துல இருக்கறதும்மா. நம்ம காலேஜு ஒரு குடும்பம் மாதிரி."

"கேட்டப் பூட்டி வெச்சிருக்கீங்களே சார்?"

"குடும்பத்துல கதவப் பூட்ட மாட்டாங்களா?" என்றார் அர்த்தநாரி. ஆனால் அவர் கண் அவள் மேல் இல்லை, சுவரில் ஏறியிருந்த வெளிச்சத்தின் மேல் இருந்தது. இது எந்த இடத்தில் உண்டான வெயில்? தன் மைதானத்தில். எந்த நேரத்தில்? தன் கேட் பூட்டியிருந்த நேரத்தில். அப்படியானால் அது யாருடையது? எடுக்காததாகச் சொன்ன பொருளைத் தன்னுடையது என்றும் சொல்ல ஒரு மனிதரால் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தபடி முடியும் என்பதை நான் புத்தகத்தில் படித்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ஒரே வாரத்தில் திருச்செங்கோடு முதல் பள்ளிபாளையம் வரை பிளெக்ஸ் கட்டினார்கள். 'மாலை மங்காத கல்லூரி.' கீழே அர்த்தநாரி கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அடித்தது கோகிலவாணியின் வெயில், ஆனால் கோகிலவாணி படத்தில் இல்லை. இனிமேல் அவள் தினமும் ராத்திரி பத்து வரை மைதானத்தில் இருக்க வேண்டும், அந்த வெளிச்சத்தில் தனி வகுப்புகள் நடக்கும் என்று உத்தரவு வந்தது. மறுப்பதாக இருந்தால் சான்றிதழ் பற்றிப் பிறகு பேசலாம் என்றார் துரைராஜ், அவளைப் பார்க்காமல். இனியா தூங்கப் போகும் முன் தெய்வானையக்கா வீட்டு வாசலில் நின்று ஒரு முத்தம் கொடுத்துவிட்டு வருவாளே, அதுவும் இல்லை இனி. மைதானத்துக் கம்பங்களில் இருந்த விளக்குகளை அர்த்தநாரி கழற்றி விற்றுவிட்டார்.

முதல் நாள் வெளிச்சத்தைக் காட்டப் பெற்றோரைக் கூப்பிட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. இருட்டிய பிறகு பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். மைதானத்தின் நடுவில், மேடைக்கு முன்னால், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கோகிலவாணி உட்கார்ந்திருந்தாள். தெய்வானையக்கா ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டதால் இனியா அவள் மடியில் இருந்தாள், கண் சிவந்து, அழுவதற்கும் தெம்பில்லாமல். சுற்றிலும் நாற்காலி வரிசைகள், அவற்றின் மேல் பொன்னான சாயங்காலம், அதன் ஓரத்தில் தெருவிலிருந்து வந்துவிட்ட மாதேஸ்வரனின் வண்டி. கூட்டம் பஜ்ஜி தின்றபடி வெயிலை அண்ணாந்து பார்த்து, பரவாயில்லை என்பதுபோலத் தலையாட்டியது.

அர்த்தநாரி மைக்கைப் பிடித்து, நாலரைக்கு வேலை முடிந்த பிறகும் ஆசிரியர்கள் பிரியத்தில் தங்குகிற நேரம்தான் இப்படி வெளிச்சமாக நிற்கிறது என்று இருபது நிமிஷம் பேசினார். இலவசமாகத் தருவதாகச் சொல்லத்தான் மேடை ஏறினார் என்று துரைராஜ் பிற்பாடு சத்தியம் பண்ணிச் சொன்னார். ஆனால் முன் வரிசையில் உட்கார்ந்திருந்த நாச்சிமுத்து, இரண்டு போர்வெல் ரிக் வண்டிக்குச் சொந்தக்காரர், பையனைச் சேர்க்க வந்தவர், எழுந்து கேட்டுவிட்டார்.

"ஏனுங்க தலைவரே, இந்த வெளிச்சத்துக்குத் தனியா பீஸுங்களா?"

விலை கேட்கப்பட்ட ஒரு பொருளைச் சும்மா கொடுக்க அர்த்தநாரியின் வாய்க்குப் பழக்கமில்லை. "வருஷத்துக்குப் பதினெட்டாயிரம் மட்டுந்தானுங்க."

"வருஷக் கணக்கெல்லாம் நமக்கு ஆகாதுங்க. ரிக்கு அடிக்கு இத்தனைன்னு ஓடுது, ஜேசிபி மணிக்கு இத்தனைன்னு ஓடுது. மணிக்கு எத்தன விழுதுன்னு சொல்லுங்க, கட்டுமா கட்டாதான்னு நான் சொல்றேன்."

கூட்டம் சிரித்தது. துரைராஜ் போனைத் தட்டி, நாளுக்கு இரண்டு மணி, இருநூற்று நாற்பது நாள் என்று வகுத்துக் காட்டினார்.

"மணிக்கு முப்பத்தேழு ரூபா அம்பது பைசாங்க" என்றார் அர்த்தநாரி.

"வெயிலுக்கா? எங்க காட்டுல சும்மா அடிக்குதுங்களே!"

"வெயிலுக்கு யாருங்க கேட்டா? சொல்லிக் குடுக்கறவங்களுக்குங்க."

"அவங்க வேல முடிஞ்சு சும்மா உக்காந்திருக்கற நேரமாமுங்களே அது? சும்மா இருக்கறவங்களுக்கு எதுக்குங்க முப்பத்தேழு? இருவதுன்னு முடிங்க, ரெண்டு பசங்களயும் இங்கயே சேத்திடறேன்."

இரண்டு சீட் என்பது சின்ன விஷயமில்லை. ஆனால் முப்பத்தேழரையை இருபதாக்குவது அர்த்தநாரியின் உடம்பிலேயே இல்லை. மைக்கை வாய்க்கு இன்னும் நெருக்கமாகப் பிடித்துக்கொண்டார். சோளக்காடு தாண்டிக் கேட்டது.

"சும்மா யாருங்க இருக்கறா? நாலரையில இருந்து ஆறர வரைக்கும் எங்க வாத்தியாருங்க அத்தன பேருக்கும் அது வேல நேரந்தானுங்க! ஒம்பது வருஷமா இந்தம்மா அந்த நேரத்துல ஒரு நிமிஷம் சும்மா இருந்தது கெடையாது. வேல நேரம்! எழுதி வேணும்னாலும் தர்றேன்!"

வெயில் முதலில் நாற்காலிகளின் கீழிருந்து போனது, பிறகு புல்லிலிருந்து, பிறகு மாதேஸ்வரனின் எண்ணெய்ச் சட்டியிலிருந்து, பிறகு பெற்றோரின் தோள்களிலிருந்து, ஈரத் துணியைக் கொடியிலிருந்து எடுத்து மடிக்கிற மாதிரி, அவசரமில்லாமல், ஓரம் ஓரமாகச் சேர்ந்து மடிந்து, கோகிலவாணியின் காலடியில் ஒரு கைக்குட்டை அளவுக்கு நின்று, அதுவும் இல்லாமல் போனது. அவ்வளவு நாளாகக் கேட்டுக்கு வெளியே காத்திருந்த ராத்திரி உள்ளே வந்து எல்லோர் மேலும் ஒரே அளவாக உட்கார்ந்தது. கம்பங்களில் விளக்கில்லை. சிலர் செருப்பைத் தேடினார்கள். பின்வரிசையில் இருந்த ஆசிரியர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்க முயன்று, தெரியாமல், பக்கத்தில் இருந்தவர்களிடம் மணி கேட்டார்கள். நாச்சிமுத்து இருட்டைப் பார்த்து, "இதுக்கு இருவதே ஜாஸ்தி" என்றார்.

இனியா தலையைத் தூக்கிப் பார்த்தாள். கொட்டாவி விட்டாள். அம்மாவின் கழுத்தோரம் ஒரு இடம் தேடி முகத்தைப் புதைத்து, முதல் செல்போன் விளக்கு எரிவதற்குள் தூங்கிப்போனாள். கோகிலவாணி குழந்தையைத் தோளில் சரியாகச் சாய்த்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"மேடம்! கோகிலவாணி மேடம்!" மைக் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது. "வெளிச்சம் எங்கம்மா? என்னம்மா பண்ணுனீங்க?"

"கணக்குல சேந்துருச்சுங்க சார்" என்றாள் கோகிலவாணி. "மெதுவாப் பேசுங்க, கொழந்த தூங்கறா."